ஏரியில் ஒரு திண்ணை

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, அம்மா என் படகில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தூத்துக்குடியிலிருந்து மினசோட்டாவுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தூக்குச்சட்டியில் புளியோதரை, தலையில் மருமகள் வாங்கிக் கொடுத்த வெயில் தொப்பி, எல்லாம் தயார். படகு பதினேழரை அடி நீளம். துறைப் பலகையிலிருந்து ஒரு காலைத் தூக்கி விளிம்பைத் தாண்டி, மெத்தை இருக்கையை மிதித்து, அங்கிருந்து உள்ளே குதிக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில், சேலையில், அது நடக்கிற காரியமில்லை.

"ஏய்யா, இது படகா குதிரையா? தாண்டி ஏறச் சொல்லுத?" என்றாள்.

கரையில் இருந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் ஆறு பேர் தண்ணீரில், அவளும் புளியோதரையும் நிழலில். அரை மணிக்கு ஒரு தரம் யாராவது கரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனோம்.

அவள் சொன்ன குதிரை என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது. அமெரிக்கக் குடும்பப் படகு வெகுகாலம் குதிரையாகத்தான் இருந்திருக்கிறது. ஒருவன் ஓட்ட வேண்டும், ஒருவன் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சறுக்க வேண்டும், மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இன்று ஏரியில் பார்த்தால் பாதிப் படகுகள் ஓடுவதே இல்லை. ஒரு வளைவில் நங்கூரம் போட்டு, நிழற்கூரை விரித்து, பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். குதிரை திண்ணையாகிவிட்டது. பெரிய படகு ஒன்று பழையதாக வாங்கலாம் என்று நான் அலைந்த அந்த ஒன்பது மாதமும், எந்த வருடத்துப் படகைப் பார்க்கிறேனோ அந்த வருடத்தில் குடும்பம் என்றால் என்ன நினைத்தார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குதிரையின் கதை எங்கள் வீட்டுக்கு அருகிலேயே தொடங்குகிறது. மிசிசிப்பி ஆறு ஓரிடத்தில் அகன்று பெப்பின் ஏரி என்று பெயர் வாங்கிக்கொள்கிறது. அதன் கரையில் லேக் சிட்டி என்ற சிற்றூர். 1922 கோடையில் அங்கே ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன், பனியில் சறுக்க முடியுமானால் தண்ணீரில் ஏன் முடியாது என்று கிளம்பினான். முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தான், மூழ்கினான். பனிச்சறுக்குக் கட்டைகள், மறுபடி மூழ்கினான். பிறகு எட்டடி நீளத்தில் ஒன்பது அங்குல அகலப் பைன் பலகை இரண்டு வாங்கி, அம்மாவின் செம்புக் கொப்பரையில் நுனிகளைக் கொதிக்கவைத்து மேல்நோக்கி வளைத்தான். பாதத்துக்குத் தோல்வார், இழுக்க ஜன்னல் சட்டத்தில் கட்டும் கயிறு. அண்ணன் பென் படகை ஓட்ட, ஜூலை 2ஆம் தேதி தண்ணீருக்கு மேல் எழுந்து நின்றான். மறுநாள் அவனுக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள்.

அவன் எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. மூன்று வருடம் கழித்து வேறொருவர் வாங்கிக்கொண்டார். சாமுவேல்சன்தான் முதல் ஆள் என்று அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் ஒப்புக்கொண்டது 1966இல்தான். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கொப்பரை. அந்த வாரம் அவர்கள் வீட்டில் துணி எதில் வெளுத்தார்களோ!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரப்படகு போய் ஃபைபர்கிளாஸ் வந்தது. வருடாவருடம் வார்னிஷ் பூசும் வேலை ஒழிந்ததும் நடுத்தரக் குடும்பமும் படகு வாங்க ஆரம்பித்தது. 1959இல் வோல்வோ நிறுவனம், எஞ்சினைப் படகுக்குள் வைத்து, திரும்பும் கால் ஒன்றை மட்டும் பின்சுவருக்கு வெளியே தொங்கவிடும் முறையை நியூயார்க் படகுக் கண்காட்சியில் காட்டியது. 'ஸ்டெர்ன்டிரைவ்' என்ற அந்த அமைப்புதான் அடுத்த ஐம்பது வருடக் குடும்பப் படகின் முதுகெலும்பு. சறுக்கில் பைத்தியம் கொண்டவர்களுக்கு அது போதவில்லை. அவர்களுக்காக 1961இல் ஃபுளோரிடாவிலிருந்து ஸ்கி நாட்டிக் வந்தது. 1968இல் டென்னசியில் ஒரு குதிரைக் கொட்டகையில் மாஸ்டர்கிராஃப்ட் தொடங்கியது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பாத்தியா" என்றாள்.

அந்தச் சறுக்குப் படகுகளில் ஒன்று எங்கள் துறையில் எனக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. 1987 மாடல். அதன் சொந்தக்காரருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வேறு மாநிலங்களில். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்போது வந்து, யாராவது ஓட்டக் கிடைத்தால் ஒற்றைக் கட்டையில் சறுக்கிவிட்டுப் போவார். அந்தப் படகில் எஞ்சின் நட்டநடுவே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. எடை நடுவில் இருந்தால் படகு தட்டையாக ஓடும். தட்டையாக ஓடினால் பின்னால் எழும் அலை சிறுத்துப் போகும். சறுக்குகிறவனுக்கு அலைதான் எதிரி. மணிக்கு 36 மைல் வேகத்தில், 75 அடிக் கயிற்றின் முனையில், பக்கத்துக்குப் பக்கம் வெட்டிப் பாய்கிறவன் ஒரு சின்ன மேட்டில் தட்டினாலும் தலைகீழாகப் போவான். ஆகவே முப்பது வருடம் படகு செய்தவர்கள் அலையைக் கொல்வதற்கே மூளையைச் செலவழித்தார்கள். உட்காருகிறவர்களைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை. எஞ்சின் பெட்டியைச் சுற்றி ஒருவர் முழங்கால் ஒருவர் முதுகில் இடிக்க ஐந்து பேர் ஒடுங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"சாப்பாடு எல்லாம் அப்போது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாப்பாட்டுக்குக் கரைக்குத்தான் வருவோம். படகில் எதற்குச் சாப்பாடு?" என்றார், நான் கோயிலுக்குள் செருப்போடு வந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டு.

இதே மினசோட்டாவில் அதே காலத்தில் திண்ணைக்கும் ஒருவர் அடித்தளம் போட்டிருந்தார் என்பது வேடிக்கை. ரிச்மண்ட் என்ற ஊரில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, 1950களின் தொடக்கத்தில், இரும்புப் பீப்பாய்களை நீளவாக்கில் ஒட்டி இரண்டு வரிசையாக்கி, மேலே மரத்தளம் அடித்து ஏரியில் விட்டார். பான்டூன் படகின் பிறப்பு அது. வேகம் கிடையாது. அழகும் கிடையாது. ஆனால் கவிழாது. தரை வீட்டுத் தரை மாதிரி சமமாக இருக்கும், நாற்காலி போட்டு உட்காரலாம். அடுத்த நாற்பது வருடம் அதைத் தாத்தா படகு என்று கேலி செய்தார்கள். மீன்பிடிக்கும் கிழவர்களும் சூரியன் மறைவதைப் பார்க்கும் தம்பதிகளும் வைத்துக்கொள்வது. நான் 2001இல் இங்கே வந்தபோதுகூட, என் அலுவலகத்தில் ஒருவர் பான்டூன் வாங்கியதற்கு பணி ஓய்வு வாழ்த்து அட்டை ஒன்றைக் கொடுத்துச் சிரித்தார்கள்.

திருப்பம் பசிபிக் கரையிலிருந்து வந்தது. 1985இல் டோனி ஃபின் என்ற அலைச்சறுக்குக்காரர் 'ஸ்கர்ஃபர்' என்ற பலகையைச் செய்தார். படகின் பின்னால் அதில் நின்று, அலையில் ஏறித் துள்ளலாம். அதிலிருந்து வேக்போர்டு பிறந்தது. அலை இல்லாவிட்டால் துள்ள முடியாது. முப்பது வருடம் கொன்ற அலையை இனி வளர்க்க வேண்டும். கயிற்றை உயரத்தில் கட்ட நடுவில் ஒரு கோபுரம் எழுந்தது. படகைத் தண்ணீரில் ஆழ அமுக்க வயிற்றுக்குள் நீர்த்தொட்டிகள் வந்தன. எஞ்சின் பின்னுக்குப் போனது. நடுவே பெட்டி இருந்த இடம் காலியாகி, ஒரு கூடம் திறந்துகொண்டது. விளையாட்டுக்காகச் செய்த மாற்றம், உட்கார இடம் கொடுத்துவிட்டது! பிறகு வேக்சர்ஃப். கயிற்றையே விட்டுவிட்டு, படகு எழுப்பும் அலையின் சரிவில், படகுக்குப் பத்தடி பின்னால் மிதந்துகொண்டே வருவது. அதற்கு வேண்டிய வேகம் மணிக்கு 10, 11 மைல். பக்கத்துத் துறைக்காரரின் 36 எங்கே, இது எங்கே. வேகம் இவ்வளவு இறங்கியதும், ஓடுகிற படகிலேயே எழுந்து நின்று பேசலாம், பாட்டு கேட்கலாம், சறுக்குகிறவனோடு கத்திப் பேச்சுக் கொடுக்கலாம். படகில் இருக்கும் மற்றவர்களும் ஆட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

சரி, என் அலைச்சலுக்கு வருகிறேன். 2020இல் கோவிட் வந்தபோது அமெரிக்காவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஞாபகம் வந்தது. படகு விற்பனை எகிறியது. பழைய படகுகூட விளம்பரம் போட்ட மறுநாள் போய்விடும். 2023 இலையுதிர் காலத்தில் அந்த ஜுரம் தணிந்து, அவசரத்தில் வாங்கியவர்கள் பலர் விற்கத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் தேவைப் பட்டியல் தயாரானது. மகனுக்கும் மகளுக்கும் அலை. மனைவிக்குக் கழிப்பறை, "என்னங்க, எட்டு மணி நேரம் தண்ணியில இருக்கணும்னா வேற என்ன கேப்பேன்?" அம்மா அடுத்த கோடையில் மறுபடி வருவதாக இருந்தாள். அவளுக்குத் தாண்டாமல் ஏற ஒரு வாசல். எனக்குப் பன்னிரண்டு பேர் உட்கார வேண்டும். தமிழ்க் குடும்பம் மூன்று சேர்ந்தால் பன்னிரண்டு ஆகிவிடும். சொல்லாமல் இன்னும் இரண்டு பேர் கூட வருவார்கள்.

பெரிய படகு என்று எண்ணும்போது எதுவரை பெரிது என்பதற்கு இங்கே சாலைதான் வரம்பு. தனி அனுமதி இல்லாமல் டிரெய்லரில் இழுக்க அகலம் எட்டரை அடிக்குள் இருக்க வேண்டும். இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறு அடி வரையான படகுகள் பெரும்பாலும் அந்த எட்டரையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். நீளம் கூடக் கூட அகலம் கூடுவதில்லை, எடை கூடும். நம் காருக்கு அது இழுபடுமா, துறையில் இருக்கும் லிஃப்ட் தூக்குமா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். என் பழைய லிஃப்டின் தாங்கும் அளவு 3,000 பவுண்டு என்று நான் கவனித்ததே மூன்றாவது படகுக்குப் பேரம் பேசும்போதுதான்.

முதலில் பார்த்தது 1990களின் கடைசியில் வந்த இருபத்தேழு அடி கேபின் படகு. முன்பக்கம், எங்கள் ஊரில் அணியம் என்பார்களே, அதன் அடியில் ஒரு குட்டி அறை. படுக்கை, கை கழுவும் தொட்டி, கழிப்பறை. மனைவிக்கு முகம் மலர்ந்தது. அந்தக் காலத்தில் பெரிய படகு என்றால் இதுதான் கனவு. வார இறுதியில் குடும்பம் தண்ணீரிலேயே தூங்கி எழும். ஆனால் விற்பவரிடம் எத்தனை இரவு தூங்கினீர்கள் என்று கேட்டதற்கு யோசித்து, "இரண்டு" என்றார். இருபது வருடத்தில். அறை முழுக்க லைஃப் ஜாக்கெட்டும், படகின் பின்னால் கட்டி இழுக்கும் பழைய டியூபும் அடைந்து கிடந்தன. பூஞ்சை வாசனை வேறு.

நான் பின்வாங்கிய காரணம் வாசனை இல்லை. 2015இல் இதே மினசோட்டாவின் மினடோங்கா ஏரியில், குடும்பத்தோடு படகில் போன ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்துபோனாள். கேபினில் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. புகைக்குழாயை ஏதோ ஒரு பிராணி கடித்து ஓட்டை போட்டிருந்தது. நிறமில்லை, மணமில்லை, களைப்பாகத் தூங்குகிறாள் என்றுதான் நினைப்போம். அவள் பெயரால் வந்த சட்டம் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. மூடிய அறைக்குள் படுக்கையும் தொட்டியோடு சமையல் இடமும் கழிப்பறையும் சேர்ந்து உள்ள மோட்டார் படகில் அந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் இப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் இதுதான். நாங்கள் பார்த்த படகில் கருவி இல்லை. பொருத்திக்கொள்ளலாம், அதிகச் செலவில்லை. ஆனால் குழந்தைகள் விளையாடிக் களைத்து உள்ளே போய்த் தூங்குகிற காட்சி கண்முன் வந்துவிட்ட பிறகு, அந்த அறை எனக்கு அறையாகத் தெரியவில்லை. மனைவியும் அதற்குமேல் கழிப்பறையைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது, 2003இல் வந்த இருபத்து நான்கடி பவ்ரைடர், அதாவது முன்பக்கமும் இருக்கை உள்ள திறந்த படகு, ஸ்டெர்ன்டிரைவ். பார்க்க அழகு, விலையும் மலிவு. துணைக்குப் பக்கத்துத் துறைக்காரர் வந்தார். வந்தவர் எஞ்சின் மூடியின்மேல் கையை வைத்தார். சூடு. "நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டியிருக்கிறீர்கள்" என்றார் விற்பவரிடம். குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போதுதான் அதன் நோய் வெளிப்படும். சூடேற்றி வைத்திருந்தால் மருந்து கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது மாதிரி. பிறகு எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். பழுப்பாகத் தெளிவாக இருந்தது. பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இந்த ஊர்க் குளிருக்கு அது அடிக்கடி நடக்கும். இலையுதிர் காலத்தில் எஞ்சினிலிருந்து தண்ணீரை வடித்துவிட மறந்தால், உறைந்து விரியும் பனி இரும்பு எஞ்சினையே பிளந்துவிடும்.

அடுத்து ஒரு சின்னச் சுத்தியலின் பிளாஸ்டிக் பிடியை எடுத்துப் பின்சுவரைத் தட்டினார். நம் ஊரில் தேங்காய் வாங்குகிறவர்கள் செய்வார்களே, அதே மாதிரி, காதைச் சாய்த்து. டக், டக், டக் என்று வந்துகொண்டிருந்த சத்தம், ஏணி திருகிய இடத்தில் தொப் என்றது. அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில் பின்சுவருக்குள்ளும் தரைக்கடியில் ஓடும் நீளச்சட்டங்களுக்குள்ளும் மரம்தான். ஒரு திருகு ஆணித் துளையில் சரியாகப் பசை வைக்காவிட்டால் போதும், இருபது வருடம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடித்து உள்ளே மக்கிவிடும். வெளியே மினுமினுப்பு அப்படியே இருக்கும். எஞ்சினும் டிரைவும் தொங்குவது அந்தச் சுவரில்தான். மணிக்கணக்கு மீட்டரில் 280 மணி நேரம் என்று விற்பவர் பெருமையாகக் காட்டினார். குறைவாக ஓடியது நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிழவர் தலையை ஆட்டினார். இருபது வருடத்தில் 280 என்றால் பல கோடைகள் அது கொட்டகையில் கிடந்திருக்கிறது. சும்மா கிடந்தால் ரப்பர் இறுகும், பெட்ரோலில் கலந்த எத்தனால் தண்ணீரை இழுத்து அடியில் தங்கும். டிரைவைச் சுற்றியுள்ள ரப்பர் உறை ஒன்று கிழிந்தால் படகு துறையில் நின்றபடியே மூழ்கும். அவர் சொன்ன இதில் எதுவும் விளம்பரப் படத்தில் தெரியாது.

குளிர்காலம் முழுக்க ஏரி உறைந்து கிடந்தது. மகன் அந்த நேரத்தில் மூன்றாவதைக் கண்டுபிடித்தான். அலை எழுப்புவதற்கென்றே செய்த 2014 வேக் படகு, இருபத்து மூன்றடி. புதியதாக வாங்கினால் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும் இனம். பத்து வருடம் கழித்தும் நான் நினைத்த தொகையின் இரண்டு மடங்கு. ஒரு விஷயத்தில் மட்டும் மகன் சொன்னது முழு உண்மை, அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வேக்சர்ஃப் ஆட வேண்டுமென்றால் புரொப்பெல்லர் படகின் அடியில் முன்தள்ளி இருக்கும் படகில்தான் ஆடலாம். சறுக்குகிறவன் படகுக்குப் பத்தடியில் இருக்கிறான். ஸ்டெர்ன்டிரைவிலும் வெளிப்புற மோட்டாரிலும் சுழலும் இரும்பு அவன் பக்கமே நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்தால் அதன்மேல்தான். (2015இல் வோல்வோ பென்டா முன்நோக்கிய புரொப்பெல்லர் கொண்ட டிரைவைக் கொண்டுவந்தது இதற்காகத்தான்.) இணையத்தில் பார்த்துவிட்டுச் சாதாரணப் படகின் பின்னால் முயற்சி செய்கிற பிள்ளைகளை எங்கள் ஏரியிலேயே பார்த்திருக்கிறேன். வயிறு கலங்கும்.

ஆனால் அந்தப் படகின் எடை 5,000 பவுண்டுக்குப் பக்கம். லிஃப்டை மாற்ற வேண்டும். அதன் வயிற்றுத் தொட்டிகளில் ஓர் ஏரியின் தண்ணீர் மிச்சமிருந்து இன்னோர் ஏரிக்குப் போனால், கூடவே வரிக்குதிரைச் சிப்பியின் குஞ்சுகளும் போகும். 1980களின் கடைசியில் கப்பல்களோடு பெரும் ஏரிகளுக்குள் நுழைந்த அந்தச் சிப்பி 2010இல் மினடோங்கா வரை வந்துவிட்டது. இப்போது ஏரியிலிருந்து படகை எடுத்தால் வடிகால் அடைப்பானைக் கழற்றித்தான் சாலையில் இழுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்த அடைப்பானைப் போட மறந்தவர்கள்தான் கேலிக்கு ஆளானார்கள். இன்று கழற்ற மறந்தால் அபராதம். அலைக்கும் கரைக்கும் தகராறு வேறு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோணி ஃபால்ஸ் ஆய்வுக்கூடம் 2022இல் அலைகளை அளந்து பார்த்து, வேக்சர்ஃப் ஆடுகிறவர்கள் கரையிலிருந்து 500 அடிக்கு மேல் தள்ளி ஆடுவது நல்லது என்றது. எங்கள் ஏரி நீளமானது, ஒடுங்கியது. இரு கரையிலிருந்தும் 500 அடி விட்டால் நடுவில் ஒரு சந்துதான் மிஞ்சும். நாணலில் லூன் பறவைகள் கூடு கட்டுகின்றன. மகளே கடைசியில், "வேண்டாம்பா, நம்ம ஏரிக்கு இது சரியா வராது" என்றாள். மகன் இரண்டு நாள் பேசவில்லை.

நான்காவது படகு மே மாதத்தில், யாரும் தேடாமல் வந்தது. பத்து வயதான இருபத்தைந்தடி பான்டூன். இரண்டு உருளைக்குப் பதில் மூன்று. நடு உருளை ஒன்று கூடியதும் அந்தத் தாத்தா படகின் தலையெழுத்தே மாறிப்போனது. மிதப்பு கூடி, பெரிய மோட்டார் தாங்கும். இதில் 200 குதிரைச்சக்தி வெளிப்புற மோட்டார். அம்மாவின் குதிரை இருநூறாகப் பெருகிப் பின்னால் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன். டியூப் இழுக்கலாம், வேக்போர்டு ஆடலாம், கட்டையில் சறுக்கலாம். வேக்சர்ஃப் மட்டும் முடியாது. அதற்கு மகனின் நண்பன் வீட்டுப் படகு இருக்கிறது, பெரிய ஏரியில்.

இதிலும் தட்டிப் பார்க்க வேண்டியவை இருந்தன, இடம்தான் வேறு. கிழவர் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து உருளைகளின் பற்றவைப்புக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே போனார். வெடிப்பு இருக்கிறதா, அலுமினியம் புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறதா, பாறையில் மோதிய சொட்டை உண்டா. பான்டூனிலும் தரை ஒட்டுப்பலகைதான், மேலே விரிப்பு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு அங்குலம் அங்குலமாக மிதித்துப் பார்த்தேன். கதவோரம் ஒரு சாண் அளவுக்கு மெத்தென்று அமுங்கியது. அதைக் காட்டி 1,500 டாலர் குறைத்தோம். மோட்டாரின் அடிப்பாகத்து எண்ணெய் சுத்தம். பின்சுவரில் பதித்த பன்னிரண்டு எழுத்து அடையாள எண்ணைப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தோம். 1972 கடைசியிலிருந்து அமெரிக்காவில் செய்யும் ஒவ்வொரு படகுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. கொள்ளளவுத் தகட்டில் பதின்மூன்று பேர். இருபதடிக்கு உட்பட்ட ஒற்றை உடல் படகுகளுக்குத்தான் அந்தத் தகடு கட்டாயம். பெரிய படகில் இல்லாமலும் இருக்கலாம் என்பது எனக்கு இந்த வேட்டையில் தெரிந்த ஆச்சரியம். கூட்டம் சேரும் படகுக்குத்தானே அது முதலில் வேண்டும்? பத்திரமெல்லாம் சரியாக இருந்தும் கிழவர் விடவில்லை. பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு தரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே என்றார். விற்பவரின் உறவினர்களையும் சேர்த்து ஏற்றி, மகனைத் தண்ணீரில் இறக்கி இழுத்துப் பார்த்தோம். எழுந்தான்.

கழிப்பறைக்கு, அணியத்தின் மூலையில் திரைபோட்டு, எடுத்துக் கழுவும் பெட்டி ஒன்று. மனைவி பெருமூச்சு விட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

2024 ஜூலையில் அம்மா மறுபடி வந்தாள். துறைப் பலகையும் படகின் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தன. கதவைத் திறந்ததும், பேருந்தில் ஏறுவதைவிட எளிதாக உள்ளே நடந்து போய், நிழற்கூரையின் கீழ் மூலை இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். ஓட்டும்போது என் இடுப்பில் மாட்டியிருந்த சிவப்புச் சுருள்கயிற்றைப் பார்த்து, "இது என்னய்யா அரணாக்கயிறு?" என்றாள். ஓட்டுகிறவன் தண்ணீரில் விழுந்தால் மோட்டார் நின்றுபோக அந்தக் கயிறு. கூட்டாட்சிச் சட்டத்துக்கு உட்பட்ட நீர்நிலைகளில் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். "நல்லதுதான், கட்டிக்கோ" என்றாள்.

படகு நிறைய ஆட்கள். இட்லிப் பாத்திரம், சட்னி, யாரோ கொண்டுவந்த பிரியாணி, கைமுறுக்கு. பிள்ளைகள் முறைவைத்து டியூபில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பது இங்கே சட்டம், இல்லாவிட்டால் அகலக் கண்ணாடி. எங்கள் படகில் பதினொரு பேரும் பின்பக்கம் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது துறையில் கிழவர் நின்றுகொண்டிருந்தார். மாலை ஆறு மணி, காற்று விழுந்து தண்ணீர் தட்டையாகிவிட்டிருந்தது. அவருடைய படகை ஓட்ட அன்று ஆள் கிடைக்கவில்லை. எங்கள் படகைப் பார்த்தார், அதன் பின்னால் அடங்கிக்கொண்டிருந்த தடத்தைப் பார்த்தார். மூன்று உருளையும் தண்ணீரை ஆழ வெட்டுவதில்லை, விட்டுச்செல்லும் அலை சின்னது. "உன் தாத்தா படகு எவ்வளவு வேகம் போகும்?" என்றார்.

"முப்பத்தைந்து."

ஒற்றைக் கட்டையை எடுத்துக்கொண்டு துறைப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கயிற்றை வீசினோம். ஒரே இழுப்பில் எழுந்து, இடது பக்கம் சாய்ந்து, ஓர் ஆள் உயரத்துக்கு நீரைச் சிதறடித்துக்கொண்டு எங்கள் தடத்தைக் குறுக்கே வெட்டினார். மகன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அம்மா மட்டும் முகம் சுளித்தாள்.

"வயசான மனுசன, சாப்பிடாமக் கொள்ளாம இப்படிப் போட்டு இழுக்கியே. நிப்பாட்டி அவர ஏறி வரச் சொல்லு. இட்லி நாலு இருக்கு."